பாதிக் குளிசை

எங்கள் வீட்டில் யாருடைய இரத்தப் பரிசோதனை ரிப்போட் வந்தாலும் அதை முதலில் வாசிப்பவர் அப்பா. டொக்டர் இரண்டாவதுதான். லாப்பிலிருந்து வட்ஸ்அப்பில் வந்தவுடன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து இறங்குவார். ஏதாவது ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து நின்றால் விரலும் அங்கே நின்றுவிடும். எச் என்றால் அளவு கூட. கூட என்றால் குறைக்க வேண்டும். இது அப்பாவின் சட்டம்.

சும்மா வந்த சட்டம் இல்லை. அப்பா சிவானந்தன் வேலைக்காலம் முழுக்க ஒரு கப்பல் கம்பனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருந்தவர். நாற்பது வயதில் அவருக்குச் சீனி வருத்தம் வந்தது. அதே வருத்தத்தில் பெரியப்பாவுக்கு ஒரு கால் போயிருந்தது. அப்பா சோற்றைக் குறைத்தார், சீனி இறங்கியது. பிரஷர் வந்தது, உப்பைக் குறைத்தார், அதுவும் இறங்கியது. கொழுப்புக் கூடியபோது முட்டையும் இறாலும் வீட்டுப் படி ஏறவில்லை. கால் இரண்டும் இன்றுவரை அவரோடுதான் இருக்கின்றன. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியில் கீழ்மாடியில் இருக்கும் பௌஸி நானா முதற்கொண்டு பலர் தங்கள் ரிப்போட்டை அப்பாவிடம் காட்டிவிட்டுத்தான் டொக்டரிடம் போவார்கள். சிலர் டொக்டரிடம் போவதேயில்லை.

அம்மாவுக்கு இருந்தது தைரொயிட் குறைவு. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே கண்டுபிடித்த வருத்தம். காலையில் எழும்பியவுடன் வெறும் வயிற்றில் ஒரு குளிசை, அவ்வளவுதான் வைத்தியம். அந்தக் குளிசையை எழுதிக் கொடுத்த டொக்டர் வயது போய் அவுஸ்திரேலியாவுக்குப் பிள்ளைகளிடம் போய்விட்டார். புதிதாக ஒருவரைத் தேட வேண்டிய அவசியம் அப்பாவுக்குத் தெரியவில்லை. பாமசியில் அதே குளிசையைத் தருகிறார்கள், இடைக்கிடை இரத்தம் குத்திப் பார்த்தால் போச்சு என்றார்.

அம்மா ஜெகதீஸ்வரியின் வாய் ஓயாத வாய். யாராவது ஒரு பெயரைச் சொன்னால் போதும். அவர் ஆருடைய மகன், எந்த ஊரில் பெண் எடுத்தவர், அவருடைய மச்சாள் எங்கள் சித்தப்பாவின் சம்பந்தி முறையில் எப்படி வருகிறாள் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவார். கலியாணம் பேசுகிறவர்கள் தரகரை நம்பாமல் அம்மாவிடம் வந்து கேட்டுவிட்டுப் போனதுண்டு. சந்தையில் மீன்காரரோடு சிங்களத்தில் விலை பேசத் தொடங்கினால் பக்கத்துத் தட்டுக்காரரும் வேடிக்கை பார்ப்பார்கள். அப்பா நாள் முழுக்கப் பேசுகிற அளவை அம்மா தேத்தண்ணி ஊற்றுகிற நேரத்தில் பேசி முடித்துவிடுவார்.

அப்படிப்பட்ட அம்மாவின் ரிப்போட்டில் ஒருநாள் டி.எஸ்.எச். என்ற வரிக்குப் பக்கத்தில் அந்த எழுத்து வந்து நின்றது. நாலைத் தாண்டக்கூடாத எண் ஏழைத் தாண்டியிருந்தது. தைரொயிட் கூடிவிட்டது, இத்தனை வருஷம் போட்ட குளிசை உடம்பில் தேங்கிவிட்டது என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். பாமசியில் போய்க் குளிசை வெட்டுகிற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். மூடியை அமத்தினால் உள்ளே இருக்கிற பிளேட் குளிசையைச் சரி பாதியாக வெட்டும். அன்றிலிருந்து அம்மாவுக்குப் பாதி.

சில மாதம் கழித்துப் பார்த்தபோது எண் பத்தொன்பதுக்குப் போயிருந்தது. வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார்கள். அப்பா பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். சீனியும் இப்படித்தான் முதலில் ஏறி அடம்பிடிக்கும், விடாமல் குறைத்தால் இறங்கும் என்றார். பாதிக் குளிசை கால் குளிசையாகியது. அயடீன் உப்பு நிறுத்தப்பட்டது, அம்மாவின் தட்டில் கோவா என்கிற முட்டைக்கோசுக்கும் மீனுக்கும் தடை வந்தது. அம்மா ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. இந்த மனுசன் பார்த்துப் பார்த்துச் செய்கிறது என்று எனக்கே பெருமையாகச் சொன்னார்.

நான் அப்போது பிரசாந்தைக் கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தைக்கு வருவேன். ஒவ்வொரு முறையும் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தார். கொழும்பின் சித்திரை வெக்கையில் நாங்கள் வியர்த்து ஒழுகிக்கொண்டிருக்க, அம்மா ஃபானை நிறுத்தச் சொல்லிவிட்டு அப்பா நுவரெலியாக் குளிருக்கு வாங்கிய சுவெற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தார். சாப்பாடு குருவிச் சாப்பாடு, ஆனால் உடம்பு ஊதியது. முகமும் கண் மடலும் நித்திரை கொண்டு எழும்பினது போல எந்நேரமும் வீங்கியிருந்தன. புருவத்தின் நுனி மயிர் உதிர்ந்துவிட்டது. கலியாண மோதிரம் இறுகி, நகைக்கடையில் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. குரல் தடித்து இறங்கிவிட்டது. தொலைபேசியில் அம்மா ‘ஹலோ’ சொன்னால் அழைத்தவர்கள் அப்பா என்று நினைத்து, அன்ரியிடம் கொடுங்கோ என்பார்கள். அப்போதெல்லாம் நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னிலேயே எனக்குக் கோபம் வருகிறது.

எல்லாவற்றுக்கும் எங்களிடம் விளக்கம் இருந்தது. வயது போகிறது என்றோம். மாதவிலக்கு நின்ற காலம் அப்படித்தான் என்றோம். மலச்சிக்கலுக்குப் பப்பாசிப்பழம், முழங்கால் நோவுக்கு முந்தியே தொடங்கியிருந்த கல்சியம், முடி கொட்டுவதற்கு ஏதோ எண்ணெய். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னச் சங்கதி. எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று ஒருவரும் நினைக்கவில்லை.

இதற்கிடையில் நான் உண்டானேன். கலியாணமாகி நெடுநாள் காத்திருந்த பிள்ளை. பிள்ளைக்காகப் போன கிளினிக்கில் எனக்கும் தைரொயிட் கொஞ்சம் குறைவு என்று ஏற்கெனவே ஒரு குளிசை தந்திருந்தார்கள். சத்தியும் குமட்டலும் கடுமையாக இருந்ததால், மூன்று மாதம் கழியும்வரை என்று அம்மா வீட்டுக்கு வந்தேன். வந்த கிழமையே அப்பா லாப்காரரை வீட்டுக்கு அழைத்து எனக்கும் இரத்தம் எடுக்கவைத்தார். டி.எஸ்.எச். ஆறுக்குக் கிட்ட வந்திருந்தது. பக்கத்தில் அந்த எழுத்து.

அப்பா சின்னப் பெட்டியை எடுத்தார்.

கிளினிக்கில் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தண்ணியைக் கண்டாலே குமட்டுகிற நேரத்தில் வாதாட யாருக்குப் பலம் இருக்கிறது? அதோடு அப்பாவின் முகத்தில் இருந்த அக்கறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பேரப்பிள்ளைக்குக் கூடாத ஒன்றும் என் இரத்தத்தில் இருக்கக்கூடாது என்று, மேசையில் வெள்ளைக் கடதாசி விரித்து, ஒரு துகளும் சிந்தாமல் வெட்டினார். காலையில் அம்மா மெதுவாக நடந்து வந்து ஒரு கையில் பாதிக் குளிசையையும் மறு கையில் தண்ணீரையும் தருவார். அவருடைய விரல் என் கையில் பட்டால் ஜில்லென்று இருக்கும். நான் குடித்து முடிக்கும்வரை கட்டிலின் பக்கத்தில் நிற்பார்.

மூன்று மாதம் நிறையவில்லை. பிள்ளை தங்கவில்லை. ஸ்கான் செய்த டொக்டர், இது எத்தனையோ பேருக்கு நடக்கிறது, காரணம் சொல்ல முடியாது, அடுத்தது நன்றாக வரும் என்றார். நான் அடுத்ததைப் பற்றி யோசிக்கிற நிலையில் இருக்கவில்லை. கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வந்து குளிசையையும் விட்டேன், கிளினிக்கையும் விட்டேன். அழுகையும் வரவில்லை. பிரசாந் எத்தனையோ தரம் அழச் சொன்னார்.

அதற்குப் பிறகு அம்மா இன்னும் வேகமாகச் சரிந்தார். பேரப்பிள்ளை போன கவலை என்று எல்லாரும் சொன்னார்கள். இருந்த இடத்திலேயே நித்திரை கொள்வார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரம் எடுக்கும், வந்தாலும் பாதியில் நிற்கும். இன்னாருக்கு இன்னார் முறை என்று ஊரையே கோத்து வைத்திருந்தவர், சொந்தத் தங்கச்சியின் மகளைப் பார்த்து இது ஆர் என்று கேட்டார். மீன் சந்தைக்குப் போவது நின்றுவிட்டது. “நோனா கோ?” என்று அம்மாவைத் தேடி மீன்காரர் என்னிடம் கேட்டபோது, வீட்டில் இருக்கிறார் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு விறுவிறென்று நடந்தேன்.

எனக்கு இன்னொரு தண்டனையும் இருந்தது. நான் போகிற ஒவ்வொரு ஞாயிறும் அம்மா என் வயிற்றைப் பார்த்து, உனக்கு இப்ப எத்தினை மாசம் பிள்ளை என்று அந்தத் தடித்த குரலில் கேட்பார். முதல்தரம் விளக்கிச் சொன்னேன். அடுத்த கிழமையும் கேட்டார். பிறகு நான் பதில் சொல்வதில்லை, எழும்பிப் பல்கனிக்குப் போய் மரைன் டிரைவில் ஓடுகிற வாகனங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அம்மாவில் கோபம் இல்லை, ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்காத ஓர் அம்மா வேண்டும் போல இருந்தது.

மறதி வருத்தம்தான், இனித் திரும்பாது என்று சொந்தக்காரர் முடிவு கட்டிவிட்டார்கள். அப்பாவின் அக்கா, மாமி அருள்நாயகி, தெரிந்தவர்கள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்று இருக்கிறது, இப்போதே இடம் சொல்லி வைக்கட்டோ என்று கேட்டார். அப்பா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கதவைப் பூட்டினார். தன் மனுசியைத் தான் பார்ப்பேன் என்றார். பார்க்கவும் செய்தார். தலை வாரிவிட்டார், சோறு பிசைந்து கொடுத்தார். கடைசி ரிப்போட்டில் எண் நூறைத் தாண்டியிருந்தது. அப்பா மிச்சமிருந்த கால் குளிசையையும் நிறுத்தினார்.

கார்த்திகை மழையில் ஒருநாள் விடிய அப்பா எனக்குப் போன் எடுத்தார். அம்மாவை எழுப்ப முடியவில்லை என்றார். நானும் பிரசாந்தும் போய்ச் சேருவதற்கு முதலே பௌஸி நானா ஒரு வான் வண்டி பிடித்து அம்மாவை ஏற்றியிருந்தார். அம்மாவின் உடம்பு, மழையில் நனைந்த சீமெந்துச் சுவர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இதயம் மிக மெதுவாக அடிக்கிறது, உடம்புச் சூடு இறங்கிவிட்டது என்று சொல்லித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

எங்களைக் கூப்பிட்டுக் கதைத்தவர் டொக்டர் பஹ்மிதா. சுரப்பி வருத்தங்களைப் பார்ப்பவர், என்னிலும் கொஞ்சம் மூத்தவர். என்ன குளிசை போடுகிறார் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அப்பா அதற்காகவே காத்திருந்தவர் போல, கொண்டுவந்த ரிப்போட்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கினார். எப்போது ஏறியது, எப்போது பாதியாக்கினார், எப்போது காலாக்கினார், எப்போது நிறுத்தினார் என்று ஒழுங்காகச் சொன்னார். அதில் ஒரு பெருமையும் இருந்தது. தைரொயிட் இவ்வளவு கூடியும் தான் கையை விடவில்லை என்று முடித்தார். டொக்டர் பஹ்மிதாவின் முகம் மாறியதை நான் கண்டேன், அப்பா காணவில்லை.

“அங்கிள்,” என்றார் டொக்டர், “இந்த டி.எஸ்.எச். கழுத்தில இருக்கிற தைரொயிடில இருந்து வாற சாமான் இல்ல. இது மூளைக்குக் கீழ இருக்கிற ஒரு சின்னச் சுரப்பி அனுப்புறது. தைரொயிட் வேல செய்யாட்டி, வேல செய், வேல செய் எண்டு இது மேல இருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். இது கூடினா அங்க தைரொயிட் குறைஞ்சு போச்சு எண்டுதான் அர்த்தம்.”

அப்பாவுக்கு விளங்கவில்லை. எச் போட்டிருக்கே என்று விரலை வைத்துக் காட்டினார்.

டொக்டர் மிகவும் பதமாகச் சொன்னார். “பசி கூடக் கூடப் பிள்ளையிட அழுகையும் கூடுந்தானே. அழுகை கூடிட்டுது எண்டு நாங்க பாலைக் குறைக்கிறதில்லையே அங்கிள்.”

அப்பாவின் விரல் கடதாசியிலேயே இருந்தது. டொக்டருக்கு என் கதை தெரியாது, அவர் ஓர் உதாரணம்தான் சொன்னார். ஆனால் அந்த உதாரணம் நேராக வந்து என் வயிற்றில் இறங்கியது.

முதல்முறை ஏழுக்கு ஏறியதற்கும் டொக்டர் காரணம் கண்டுபிடித்தார். முழங்காலுக்குத் தந்த கல்சியத்தை அம்மா தைரொயிட் குளிசையோடு சேர்த்தே விழுங்கியிருக்கிறார். கல்சியம் அந்தக் குளிசையை உடம்பில் சேரவிடாது, இரண்டுக்கும் நடுவில் நாலு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். அப்போதே ஒரு டொக்டரிடம் காட்டியிருந்தால் அந்த ஒரு வசனத்தோடு முடிந்திருக்கும். அப்பா தலையை நிமிர்த்தவேயில்லை. “நான்தானோ இவளைக் கொல்லப் பாத்தனான்?” என்று மட்டும் கேட்டார். தெரியாமல் நடந்தது, மருந்து தொடங்கியாச்சு, மனதைத் தளரவிட வேண்டாம் என்று டொக்டர் அவருடைய கையைப் பிடித்துச் சொன்னார்.

அப்பாவைக் கதிரையில் இருத்திவிட்டு நான் தனியே திரும்பிப் போய் டொக்டரிடம் என் சங்கதியைக் கேட்டேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உடம்புக்கு இந்தக் குளிசை வழமையைவிடக் கூடுதலாகத்தான் தேவைப்படும், குறைப்பதில்லை என்றார். குறைந்தால் பிள்ளை கலைகிற ஆபத்துக் கூடலாம். ஆனால் எனக்கு அதனால்தான் போனது என்று ஒருவராலும் சொல்ல முடியாது, ஆரம்பத்தில் போகிற பிள்ளைகளில் அநேகம் வேறு காரணங்களால்தான் போகின்றன என்றார். என்னையும் உடனே இரத்தம் பார்த்துக் குளிசையைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வது?

வெளியே அப்பா குனிந்த தலையோடு இருந்தார். எனக்கு அவரில் இரக்கம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். கோபம்தான் வந்தது. உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது? ஸ்டோர்ஸில் சாமான் கூடினால் குறைப்பதுபோல என் பிள்ளையின் பாலையும் குறைத்தீர்களே. இந்தச் சொற்களை நான் மனதில் அடுக்கி வைத்தேன். அம்மா கண் திறக்கட்டும், அதற்குப் பிறகு ஒருநாள் அவர் முன்னால் நின்று சொல்லியே தீருவேன் என்று இருந்தேன். அப்பா அம்மாவை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார். என் பாதிக் குளிசை அவருக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை.

அம்மா கண் திறந்தார். வார்டுக்கு மாற்றினார்கள், பிறகு வீட்டுக்கு விட்டார்கள். குளிசை ஒரே நாளில் ஆளை மாற்றிவிடாது, மாதக் கணக்கில் எடுக்கும் என்று டொக்டர் பஹ்மிதா சொல்லியிருந்தார். ஆனாலும் கிழமைக்குக் கிழமை ஏதாவதொன்று திரும்பி வந்தது. முதலில் முகவீக்கம் வற்றியது. பிறகு சுவெற்றர் அலுமாரிக்குப் போனது. ஃபானைப் போடச் சொல்லி அம்மா கேட்ட அன்று அப்பா ஓடிப்போய்ச் சுவிட்சை அமத்தினார். பேச்சு மட்டும் இன்னும் மெதுவாகத்தான் வந்தது. ஞாபகம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு நல்ல மாற்றம், என்னிடம் மாதக் கணக்குக் கேட்பதை அம்மா விட்டிருந்தார்.

அம்மா தேறத் தேற அப்பா சுருங்கினார். ரிப்போட் வந்தால் திறந்து பார்க்காமல் எனக்கு அனுப்பிவிடுவார். பௌஸி நானா ஒருநாள் தன் கடதாசியோடு வந்தபோது, தன்னிடம் இனிக் காட்ட வேண்டாம், டொக்டரிடம் போங்கோ என்று கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினாராம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். என் சொற்கள் இன்னும் அடுக்கியபடியே இருந்தன.

தைப்பொங்கல் கழிந்த ஞாயிறு. பிரசாந் கீழே வாகனம் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அம்மா ஹோலில் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நான் என் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுக்க, என் குளிசை அட்டை வெளியே விழுந்தது. அப்பா குனிந்து எடுத்தார். பெயரை வாசித்தார். எழும்பித் தன் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் அந்தச் சின்னப் பெட்டி இருந்தது.

“மேனுகா,” என்றார். “உனக்கும் நான் வெட்டித் தந்தனான்.”

நான் கைப்பையை மூடினேன்.

“பிள்ளை வயித்தில இருக்கேக்கை. பாதி பாதியா. நான்தானே வெட்டித் தந்தனான்?”

அடுக்கி வைத்த சொற்களைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. அவரே கேட்கிறார், நான் ஓம் என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். அப்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஸ்கான் முடிந்து நான் வெளியே வந்தபோது பிரசாந்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவில் கண்ட அதே முகம். அது அவருடைய பேரப்பிள்ளையும்தான் என்று அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.

“வெட்டித் தந்தனீங்கள்,” என்றேன். “ஆனால் நான் அதைப் போடேல்லையப்பா. கிளினிக்கில தந்த முழுக் குளிசையைத்தான் போட்டனான். உங்களோட ஆர் வாதாடுறது எண்டு பேசாமல் இருந்தனான்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. காலையில் எழும்பக்கூட மாட்டாமல் கிடந்தவள் நான். அப்பா என்னைப் பார்த்தபடியே நின்றார். வாழ்நாள் முழுக்க ஸ்டோர்ஸில் கள்ளச் சாட்டுக் கேட்டுப் பழகிய மனுசன். அப்ப அந்தப் பாதிகள் எங்கே என்று கேட்டார்.

“சிங்கில போட்டவள்.”

அம்மாவின் குரல். கண்ணை மூடியபடியேதான் இருந்தார். சொற்கள் மெதுவாக, ஆனால் ஒவ்வொன்றாகத் தெளிவாக வந்தன.

“முகம் கழுவுற சிங்குக்குள்ள போட்டுத் தண்ணியைத் திறந்துவிடுவாள். பேந்து தன்ர பையில இருந்து முழுசை எடுத்துப் போடுவாள். நான் கண்டனான். சொன்னால் அப்பனும் மகளும் சண்டை பிடிப்பியள், வயித்துப்பிள்ளைக்காறியோட என்ன சண்டை எண்டு விட்டிட்டன்.” கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தார். “இஞ்சாருங்கோ, அதுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பெட்டியைக் கொண்டுபோய்க் குப்பையில போட்டிட்டுத் தேத்தண்ணி ஊத்துங்கோ, மருமகன் வரப்போறார்.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அந்தச் சிங்கும் தண்ணீரும் உண்மையோ என்று இருந்தது. அப்பா பெட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எதையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் விடாத அப்பா இந்தமுறை சரிபார்க்கவில்லை. “உமக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது” என்றார். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. அப்படியே சமையலறைக்குப் போனார். குப்பை வாளியின் மூடி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது, பிறகு கேத்தலில் தண்ணீர் விழுகிற சத்தம்.

நான் போய் அம்மாவின் காலடியில் நிலத்தில் இருந்தேன். அம்மா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“பாதிதான் போட்டனி. நான்தானே தண்ணி தந்தனான்.”

“ஓம் அம்மா.”

“எனக்குப் பிள்ளையையும் ஞாபகம் இருக்கு. நான் சும்மா சும்மா கேட்டு உன்னை நோகடிச்சதும் ஞாபகம் இருக்கு.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “இனி இதை இந்த வீட்டில கதைக்கிறேல்லை. அந்த மனுசன் தாங்காது. உனக்கு அழோணும் எண்டால் என்னட்டை வந்து அழு.”

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்தார். அம்மாவின் கை சூடாக இருந்தது. அந்தக் கையில் முகத்தைப் புதைத்து, பிள்ளை போன அன்றிலிருந்து அழாத அழுகை முழுவதையும் நான் அழுதேன். சமையலறைக்குக் கேட்டுவிடக் கூடாது என்று சத்தம் மட்டும் வரவிடவில்லை.